எந்தச் சாவி இல்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும்தான். ஸ்டிக்கருக்கான ஃபைலை வெளிநாட்டு பையர், எங்களிடம் இருக்கும் ரகசியச் சாவியால் மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்பியிருக்கிறார். க்னூபிஜி என்ற மென்பொருளில் அதைத் திறக்க வேண்டியவன் நான். மறுநாள் ராத்திரி கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும்.

கமாண்ட் அடித்தேன். 'டிக்ரிப்ஷன் ஃபெயில்டு: நோ சீக்ரெட் கீ.'

சாவி இல்லையாம். மேலே பதினாறு எழுத்தில் ஒரு அடையாள எண் நிற்கிறது, அவ்வளவுதான். அது எங்கே இருக்க வேண்டிய சாவி, எங்கே தேட வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

சாவி இருந்த பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு போய்ப் படுத்து ஒரு மாதம் ஆகிறது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதிய ஸ்கிரிப்ட், வாரம் தவறாமல் ரகசியச் சாவிகளுக்கான 'செக்ரிங்' ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றியிருக்கிறது. எடுத்துப் போட்டால் உள்ளே இருப்பது வேறு சாவி! காரணத்தைப் பிடிக்கவே இரண்டு மணி நேரம் போனது. 2014ல் வந்த க்னூபிஜி 2.1 பதிப்பிலிருந்து ரகசியச் சாவிகள் அந்த ஃபைலில் இருப்பதில்லை. தனி ஃபோல்டர் ஒன்றுக்குள், சாவிக்கு ஒரு ஃபைலாகப் போய்விட்டன. பழைய ஃபைலை அது அழிக்கவும் இல்லை, அதில் எதுவும் எழுதவும் இல்லை. வருடக்கணக்காக ஒரு செத்த ஃபைலைப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறோம்! 'இந்த ஃபைலை இனி நம்பாதே' என்று அதற்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் குடியா முழுகிப் போகும்? வயிறு எரிகிறது.

ஒன்பது மணிக்கு பேக்கிங் அக்கா வந்து நின்றார். "ஏனுங் தம்பி, ஸ்டிக்கர் வந்துருங்களா? இல்லீனா பொண்ணுகள வூட்டுக்கு அனுப்பிரட்டுங்களா? அவிநாசி பஸ்ஸு போயிருமுங்க." அனுப்பிவிடுங்க அக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

அப்புறம் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வேறு மெஷினில் மாட்டி, அந்த ஃபோல்டரை முழுதாக சர்வருக்கு ஏற்றினேன். அடுத்த இடி: 'இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டெல் ஃபார் டிவைஸ்.' இது மனுஷன் பேசுகிற பாஷையா? விஷயம் என்னவென்றால், சாவியைப் பயன்படுத்தக் கொடுக்க வேண்டிய ரகசிய வாசகமான பாஸ்பிரேஸை எந்த டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் எந்தத் திரையில், கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. 'ஜிபிஜி டிடிஒய்' என்ற வேரியபிளில் டெர்மினல் பெயரைக் கொடுத்ததும் அடங்கிவிட்டது. ஒரே வரி வேலை. அந்த வரியை அதுவே சொல்லியிருக்கலாமே!

1999லேயே அமெரிக்காவில் 12 பேரை உட்கார வைத்து, 90 நிமிடம் கொடுத்து, இதே வேலையைச் செய்யும் பிஜிபி என்ற மென்பொருளில் ஒரு மெயிலைக் கையெழுத்திட்டுப் பூட்டி அனுப்பச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பேரால்தான் சரியாகச் செய்ய முடிந்தது. இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டு கிடக்கிறோம்.

பாஸ்பிரேஸ் கம்பெனியில் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எனக்கு முன்னால் இங்கே இருந்து, இப்போது பெருந்துறையில் வேலை பார்க்கும் அந்த அண்ணனைப் பதினொன்றரை மணிக்கு எழுப்பினேன். தூக்கக் கலக்கத்திலும் யோசித்துச் சொன்னார், நல்ல மனுஷன். அவர் போனை எடுக்காமல் போயிருந்தால்? ஆபீஸ் பீரோவுக்குக்கூட இரண்டு செட் சாவி உண்டு, ஒன்று முதலாளி வீட்டில் தொங்குகிறது. பையர் அனுப்புகிற ஒவ்வொரு ஃபைலையும் திறக்கிற சாவி மட்டும் ஒரே ஒரு ஆளின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. இதை இத்தனை காலம் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ஃபைல் திறந்தது. காலை ஆறு மணிக்கெல்லாம் அந்தப் பெண்கள் வந்து, டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. திங்கட்கிழமை முதல் வேலையாக ரகசியச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு மெஷினில் ஏற்றி, அதே ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பென்டிரைவ் இப்போது முதலாளி வீட்டு பீரோவில். பாஸ்பிரேஸ் எழுதிய கவர், சீல் வைத்து, ஆபீஸ் லாக்கரில்.