தாத்தா காலத்து ரிவால்வருக்கு லைசென்ஸ் வேண்டாமா?

"நூறு வருஷம் தாண்டிய நிக்கல் முலாம் ரிவால்வர் பழம்பொருள், லைசென்ஸ் தேவையில்லை. தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டால் போதும்" என்று பெங்களூரு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45(இ) வயதை மட்டும் பார்ப்பதில்லை. பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருந்தால்தான் விலக்கு. கழற்றிய ஊசியைத் திரும்பப் பொருத்தலாமே! விசையை இழுத்தால் அடிக்கும் சுத்தியல், தோட்டா போடும் சிலிண்டர், குழல் நல்லபடி இருக்கும் குட்டைக் குழல் ரிவால்வர் சட்டப்படி துப்பாக்கிதான். முலாம் உரிந்திருப்பதோ துரு ஏறியிருப்பதோ கணக்கில் வராது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு.

பெங்களூரு அல்சூர் வீட்டுப் பரணில் கிடைத்தால் முதல் வேலை அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதல்ல. (அம்மோனியா கலந்த கரைசல் முலாமுக்கு அடியிலுள்ள செம்பை அரித்து, நிக்கலையே உரித்துவிடும்.) பிரிவு 21-இன்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், பிறகு வாரிசு என்ற முறையில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சவரம்பு. வாரிசாக வந்ததும் அதில் அடக்கம்.