பியர்ட்ஸ்லியின் பதவி பறிபோனது ஏன்?

"ஆபாசமாக வரைந்ததால் ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லியை ‘யெல்லோ புக்’ (மஞ்சள் புத்தகம்) என்ற கலை இலக்கிய இதழின் கலை ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கினார்கள், அத்தோடு அவர் கதை முடிந்தது" என்று சொல்வது சரியல்ல. 1895 ஏப்ரலில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் தன்பாலுறவுக் குற்றச்சாட்டில் கைதானபோது அவரிடம் மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று இருந்ததாகச் செய்தி பரவியது. அதை அந்த இதழ் என்றே நம்பிய கூட்டம் பதிப்பகத்தின் மீது கல்லெறிந்தது. வைல்ட் அவ்விதழில் ஒரு வரிகூட எழுதியதில்லை! அவருடைய ‘சலோமி’ நாடகத்துக்கு 1894இல் பியர்ட்ஸ்லி படம் வரைந்திருந்தார். அந்தத் தொடர்பே பழியாகிப் பதவியைப் பறித்தது. அப்போது பியர்ட்ஸ்லிக்கு வயது 22.

கதை முடியவும் இல்லை. காசநோய் உடலை உருக்கியபோதும், தன் ஓவியங்களிலேயே மிகத் துணிச்சலான, பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகமான ‘லைசிஸ்ட்ராட்டா’வுக்கான பட வரிசையை 1896இல்தான் வரைந்தார். வெறும் கறுப்பு மை, வெள்ளைத் தாள். அந்தக் கோடுகளின் உறுதியைப் பாருங்கள். 25 வயதில், 1898இல் இறந்தார்.