பூட்டின டிரைவும் வீட்டு வைஃபையும்

உப்புவெளியில கரண்ட் ஒருக்காப் போய் வந்தாப் போதும், என்ர பின்னேரம் போச்சு. கொம்பியூட்டர் திரும்ப எழும்பும்; பிட்லொக்கர் (டிரைவைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டுற விண்டோஸ் வசதி) போட்ட வெளி டிரைவ் மட்டும் பூட்டிக்கொண்டு கிடக்கும். டிவியில பாக்கவெண்டு அந்த டிரைவில இருந்து வைஃபையில ஷெயார் பண்ணின ஃபோல்டரில ஒண்டும் இராது. உடனே கீழயிருந்து அம்மா: "தம்பி, டிவியில கலியாணப் படங்களைக் காணேல்லையடா!"

டிவி பாஸ்வேர்டாவது கேக்குமெண்டால், அதுவுமில்லை. டிவியில இருந்து திறக்கேலாது, டிரைவ் செருகின கொம்பியூட்டரில போய்த்தான் அடிக்கிறனான். படியேறி, வேர்த்து விறுவிறுத்து அடிச்சால், சில நேரம் விண்டோஸ் டிரைவுக்குக் குடுக்கிற எழுத்து E-யில இருந்து F-க்கு மாறியிருக்கும். பழைய ஷெயார் அம்போ. திரும்ப முதல்ல இருந்து.

தானாத் திறக்கிற வசதி இருக்குத்தான். எல்லாரும் ஒரே அக்கவுண்டில கிடக்கிற எங்கட வீட்டில அதைப் போட்டால், பிறகென்ன கோதாரிக்குப் பூட்டு?