பால்வாடிக்கு ஒரு நாள் போகலன்னா என்னங்க ஆயிடும்?

போன ஆடிக்கு கலெக்டர் உட்ட லோக்கல் லீவு ஒரு நாள், எங்க வீட்டுல எடுத்தது எட்டு நாள். எங்க சேலம் கோட்டை மாரியம்மனுக்கு பூச்சாட்டுனதுல இருந்தே வீடு நெறைய சொந்தக்காரங்க, இதுல யாரு புள்ளைய எழுப்பி தலைய சீவி பால்வாடில கொண்டு போய் விடறது, மூணரை வயசுக்கு என்ன பரீட்சையா இருக்குன்னு நானும் அசால்ட்டா உட்டுட்டேன். ஒம்பதாவது நாள் வாசல்ல என் துப்பட்டாவ புடிச்சுகிட்டு மொத நாள் அழுத அதே அழுகை.

அழுகை கூட பரவால்லைங்க. உள்ள எல்லாரும் வட்டமா உக்காந்து புளியங்கொட்டை தனியா மொச்சை தனியா பிரிச்சுகிட்டு இருந்தாங்க, இவளோட ஜோடிப் பொண்ணு வேற ஒரு பையனோட ஒரே தட்டுல. இவ பக்கத்துல போய் நிக்கறா, அது நகரவே இல்ல. அப்புறம் பாட்டு, எல்லாரும் கைய தூக்கறப்ப இவ அடுத்த புள்ளைய பாத்து பாத்து கொஞ்சம் லேட்டா தூக்கறா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நம்மாளுங்களுக்கு பால்வாடின்னா சோறு, முட்டை, சத்துமாவு, அவ்வளவுதான். 1982ல எம்ஜிஆர் சத்துணவு கொண்டு வந்த காலத்துல இருந்து மனசுல அப்படியே பதிஞ்சு போச்சு (அதை நான் கொறை சொல்லல, எங்கம்மா தலைமுறை அதுல வளந்ததுதான்). அதனாலதான் ஒரு நாள் போகலன்னா ஒரு வேளை சோறுதானே, வீட்டுல போட்டா போச்சுன்னு தோணுது.

ஆனா அந்த புளியங்கொட்டை விளையாட்டு இருக்கே, அது வெரலுக்கு பழக்கம்ங்க. வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறைல இருக்காரு, பாப்பா பாசிமணிய ரெண்டு வெரல்ல கிள்ளி எடுத்து நூல்ல கோக்கறத பாத்துட்டு "நாங்க சலங்கை எடுக்கறதும் இப்படித்தான்டி"ன்னாரு. அந்த வெரலுதான் நாளைக்கு பென்சில் புடிக்கப் போவுது. எங்க கொழுந்தனார் பையன் போற ப்ளேஸ்கூல்ல இதெல்லாம் கெடையாது, மூணு வயசுலயே நாலு கோடு நோட்டுல ஏ பி சி டி, அவன் பென்சிலை சப்பாத்திக்கட்டை மாதிரி புடிக்கறான், கேட்டா ஹோம்வொர்க்காம்!

காய்ச்சலோட அனுப்புங்கன்னு சொல்லலைங்க. சளி காய்ச்சல்னா வீட்டுலயே படுக்க வைங்க, இல்லாட்டி இருக்கற அத்தனை புள்ளைக்கும் ஒட்டிக்கும்.

அப்புறம் எல்லாரையும் ஒரே தராசுலயும் வைக்க முடியாது. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க நாத்தனார் இருக்காங்க. காபி பழம் பறிக்கற சீசன்ல, கார்த்திகை மார்கழி பனில, விடியறதுக்குள்ள எஸ்டேட்டுக்கு போறவங்க புள்ளையையும் தூக்கிகிட்டுத்தான் போகணும், அவங்கள ஏன் அனுப்பலன்னு கேக்க எனக்கு வாய் வராது. எனக்கு என்ன, பால்வாடி ரெண்டு தெரு தள்ளித்தானே. இந்த ஆடிக்கு வர்ற சொந்தக்காரங்கள்ல எவங்க மொதல்ல எந்திரிக்கறாங்களோ அவங்கதான் பாப்பாவ கொண்டு போய் விடணும்னு இப்பவே போன் போட்டு சொல்லிட்டேன்.