போஸ்பரஸ் நீரிணை மூடப்பட்டது ரஷ்யாவுக்கு மட்டுமல்ல
“துருக்கி நேட்டோ பக்கம் சாய்ந்து, ரஷ்யாவுக்கு மட்டும் போஸ்பரஸை மூடிவிட்டது” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (நேட்டோ என்பது மேற்கத்திய ராணுவக் கூட்டணி; போஸ்பரஸ் என்பது கருங்கடலுக்குப் போகும் துருக்கியின் நீரிணை.) அது சரியில்லை.

ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், 2022 பிப்ரவரி இறுதியில் துருக்கி கையில் எடுத்தது, இந்த நீரிணைப் போக்குவரத்துக்கான 1936ஆம் ஆண்டின் மாண்ட்ரோ உடன்படிக்கையின் 19ஆம் பிரிவை. துருக்கி பங்கேற்காத போரில், போரிடும் இரு தரப்புப் போர்க்கப்பல்களும் துருக்கியின் நீரிணைகளைக் கடக்கக் கூடாது என்கிறது அது. சொந்தத் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு உண்டு. சரக்குக் கப்பல்களுக்கு இந்தத் தடையே கிடையாது.

உக்ரைனுக்கும் இதே கதைதான். பிரிட்டன் அதற்குக் கொடுத்த இரண்டு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை நீரிணை வழியே விடமாட்டோம் என்று 2024 ஜனவரியில் துருக்கி வெளிப்படையாகவே அறிவித்தது. கொடுத்தது நேட்டோ நாடு என்றாலும் அசையவில்லை. அப்புறம், பிற நாடுகளும் போர்க்கப்பல் அனுப்ப வேண்டாம் என்று 2022லேயே கேட்டுக்கொண்டது.

உக்ரைனுக்குத் துருக்கி தன் நாட்டுத் தயாரிப்பான பைரக்தார் டிரோன் விற்றது உண்மைதான். ஆனால் ரஷ்யா மீதான மேற்கத்தியத் தடைகளில் துருக்கி சேரவில்லை, 2019இல் ரஷ்யாவிடமிருந்தே எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகளைப் பெற்றது. என் பார்வையில், கருங்கடல் பெரிய வல்லரசுகளின் மோதல் களமாகிவிடக் கூடாது என்பதுதான் துருக்கி அரசின் முதல் கவலை. அதை ஒரு பக்கச் சாய்வாகக் காட்டுவது படிப்பவர்களைத் தவறாக வழிநடத்தும். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.