5 வாட் ரிக்குக்கு எந்த ஆம்ப்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். செல்போன் செத்துப்போயிருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபது நாள் ஆனது. சென்னையில் இருந்த அக்காவுக்கு "உயிரோடு இருக்கோம்" என்று சொல்லவே எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. என்னை ஹாம் ரேடியோ, அதாவது தனியாள் பொழுதுபோக்காக நடத்தும் ரேடியோ நிலையத்துக்கான லைசென்ஸ் பரீட்சைக்கு உட்கார வைத்தது அந்த இரண்டு நாள்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பிகள், கையில் பிட்எக்ஸ் என்ற சின்ன ரிக்கோ (பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ செட்) வேறு ஏதாவது 5 வாட் ரிக்கோ வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, ஆன்லைன்ல 300 வாட் ஆம்ப் வருது, வாங்கிடவா?" வாங்காதே தம்பி. ஆம்ப் என்பது ரிக்கின் பவரைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர், அது 40, 50 வாட் போதும். 12 வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும், ஃபில்டரோடு வர வேண்டும். நம்ம ஊருக்கு அதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரின் ரிக்கில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஒரு படி ஏற 6 டெசிபெல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு பவர். 5 வாட்டை 20 ஆக்கினால் ஒரு படி ஏறும். 50 ஆக்கினால் 10 டெசிபெல், ஒன்றரைப் படிக்கு மேல். இரைச்சலுக்குள் முங்கிக் கிடந்த குரல் மேலே வந்துவிடும். 50-ஐ 100 ஆக்கினால் கிடைப்பது வெறும் அரைப் படி. அந்த அரைப் படிக்கு இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும்.

அந்தக் கரண்ட் எங்கிருந்து வரும்? பேச்சுக்குப் போடும் லீனியர் ஆம்ப் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் கெடுக்காமல் கூட்டும் வகை), உள்ளே வாங்குவதில் சுமார் பாதியைத்தான் ஆன்டெனாவுக்கு அனுப்பும். மீதி சூடாகப் போகும். 50 வாட் வெளியே வர 13 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும். 300 வாட் என்றால் 45 ஆம்பியருக்கு மேல். புயலுக்கு மறுநாள் அதை எதில் ஓட்டுவீர்கள்? 50 வாட் ஆம்ப்பை வீட்டு இன்வர்ட்டருக்குப் போட்ட 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) பேட்டரி தாராளமாகத் தாங்கும், பகலில் சோலார் பேனல் இருந்தால் இன்னும் நிம்மதி. யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஏ.ஹெச். பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள், தொடர்ந்து 8 ஆம்பியர் இழுத்தால் அரை மணி நேரம்கூட நிற்காது. இன்னொன்று, 13.8 வோல்ட்டில் 50 வாட் தருகிற ஆம்ப், பேட்டரி 12-க்கு இறங்கினால் 38 வாட் பக்கம்தான் தரும். அதற்கு மேல் தள்ளினால் குரல் கிழியும், பக்கத்து அலைவரிசைக்காரருக்குத் தொல்லை. இதனால்தான் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்குக் கூடுதல் காசு கொடுப்பது நியாயம் என்கிறேன். அதன் வோல்டேஜ் கடைசி வரை அவ்வளவாக இறங்காது.

அடுத்தது ஃபில்டர். இதில் நான் சூடு பட்டவன். முதலில் வாங்கியது ஒரு மலிவு கிட். இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், ஒரு பெரிய ஹீட்சிங்க், லோ பாஸ் ஃபில்டர் கிடையாது. 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தேன். மன்னார்குடி நண்பர் போன் போட்டு, "உங்க குரல் 14.2-லயும் வருது" என்றார். அப்படியே கை நடுங்கிவிட்டது. நாம் அனுப்பும் அலையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் ஆம்ப் சத்தம் போடும். அதை வெட்டுவதுதான் ஃபில்டரின் வேலை. 5 வாட்டில் கசிந்தால் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் போகலாம், 50 வாட்டில் கசிந்தால் தெருவுக்கே தெரியும். எத்தனை பேண்டில் பேசுகிறோமோ, அத்தனைக்கும் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்காமல் காசை எடுக்காதீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான். ரிக் தரும் பவரை ஆம்ப் உள்வாங்கத் தாங்குமா என்று பாருங்கள். 2 வாட் கேட்கும் ஆம்ப்புக்கு 5 வாட் போனால் இடையில் பவரைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும். ஆம்ப்பை அனுப்பும் நிலைக்கு மாற்றும் ரிலே, ரிக்கின் பி.டி.டி. (பேசும்போது அழுத்தும் பொத்தான்) ஒயரில் இயங்குவதாக இருக்கட்டும். சிக்னலை மோப்பம் பிடித்து மாறும் வகை, நாம் மூச்சு விடும் இடத்திலெல்லாம் டக் டக்கென்று அடிக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) கூடினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு வேண்டும். மழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்குவது இங்கே வருஷா வருஷம் நடப்பது. மோர்ஸ் மட்டும் அடிப்பவர்களுக்கு லீனியர் கட்டாயமில்லை, கரண்ட் குறைவாக இழுக்கும் கிளாஸ் சி ஆம்ப் போதும், பேட்டரியும் மிச்சம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு (தொடக்க நிலை) லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 50 வாட்தான் எல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆம்ப்புக்கு முன்னால் ஆன்டெனாக் கம்பி என்பேன். 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) அரை அலை டைபோல், அதாவது நடுவில் பிரித்த நீளக் கம்பி, மொத்தம் 20 மீட்டர், நடுவிலிருந்து ரிக்குக்குக் கோஆக்ஸ் கேபிள். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இன்னும் கம்பி கட்டும் உயரத்துக்கு வரவில்லை. அதனால் இரண்டு மூங்கில் நட்டு ஆறேழு மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறேன். அந்தத் தாழ்ந்த உயரம் குறையே இல்லை. அலை செங்குத்தாக மேலே போய் வானில் உயரத்தில் இருக்கும் அயனிமண்டலத்தில் பட்டு, மதுரை, சென்னை என்று முந்நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் இறங்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே? பகலில் 5 வாட்டிலேயே சென்னையோடு பலமுறை பேசியிருக்கிறேன். மின்கம்பி இரைச்சலும் மோட்டார் இரைச்சலும் ஏறும் சாயங்காலத்தில்தான் ஆம்ப்பைப் போடுகிறேன். எதிர்முனையில் கேட்பது சிரமமாக இருந்தால் ஆம்ப் உதவும். என் காதில் விழும் இரைச்சலை அது ஒரு துளியும் குறைக்காது.

ஆம்ப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியிலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டிப் பாருங்கள். எத்தனை மணிக்கு வோல்டேஜ் 12-க்குக் கீழே போனது என்று எனக்குக் கமெண்ட்டில் எழுதுங்கள்.