மின்னலையும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்
உங்கள் வானிலைக் குறிப்பில், இந்த வாரம் பகலில் வெக்கை, மாலையில் இடிமழை என்ற கணிப்பை நன்றாகவே விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் மின்னலை ஒரே வரியில் முடித்தது போதாது. வசந்த காலத்தில் தரை சீக்கிரம் சூடேறிவிடும், மேலே காற்று இன்னும் குளிர்ந்தே கிடக்கும். அதனால்தான் காலையில் துண்டு துண்டாகத் தெரிந்த மேகம் பிற்பகலில் காலிஃபிளவர் போலப் பொங்கி, உச்சி தட்டையாகப் பரவுகிறது. அந்த இடிமேகத்தைப் பார்த்தாலே வெளிவேலையை நிறுத்திவிடுவது நல்லது.

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணிப் பாருங்கள், மின்னல் இருக்கும் தூரம் 3 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடி வேண்டவே வேண்டாம். மழை விட்டதும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுவார்களே, எனக்குப் பயமே அதுதான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தயவுசெய்து அவர்களை வெளியே விடாதீர்கள்.